பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து ஏர் ரைஃபிள் வாங்காதீர்கள்

வாசகர் கடிதம்: வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காய்கறித் தோட்டமும் ஒரு கோழிக்கூடும் வைத்திருக்கிறேன். தீவனம் வைக்கும் கொட்டகையில் எலித் தொல்லை தாங்க முடியவில்லை. மூட்டையைக் கடிக்கிறது, முட்டை காணாமல் போகிறது. பொறி வைத்தால் முதல் நாள் ஒன்று விழுகிறது, அப்புறம் எதுவும் கிட்டவே வருவதில்லை. கோழியும் நாயும் இருப்பதால் விஷம் வைக்க மனமில்லை. ஏர் ரைஃபிள் வாங்கலாம் என்று போனால், விநாடிக்கு 1,300 அடி வேகம் என்று போட்ட ஒன்றைக் காட்டி, "இதுதான் பவர், ஸ்கோப்பும் இலவசம்" என்கிறார் கடைக்காரர். அதிகம் செலவழிக்க எனக்கு வசதி இல்லை. பின் கதவிலிருந்து கொட்டகைக்கு 15, 20 மீட்டர் இருக்கும். 4.5 மி.மீ. குண்டு போடுவதை வாங்குவதா, 5.5 மி.மீ. போடுவதை வாங்குவதா? நண்பர் ஒருவர் தன் பழைய ரைஃபிளைத் தருகிறேன் என்கிறார், அதை வாங்கலாமா? 13 வயது மகனும் சுடக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறான்.

அன்புள்ள நண்பருக்கு,

கடைக்காரர் காட்டிய அந்த 1,300 அடி ரைஃபிளை அங்கேயே விட்டுவிடுங்கள். ஏர் ரைஃபிள்களைப் பழுது பார்ப்பதும், சுடக் கற்றுக்கொடுப்பதும் என் தொழில். "குறி தப்புகிறது, பேரல் கோணலாக இருக்குமோ?" என்று என்னிடம் வருபவர்களில் பாதிப் பேருக்கு மேல் கையில் வைத்திருப்பது இந்த மாதிரி அதிவேக ஸ்பிரிங் ரைஃபிள்தான். பேரல் நேராகத்தான் இருக்கும். அவ்வளவு பலத்தை அடக்கிச் சுடப் பழக்கம் வேண்டும், அது இல்லாமல் வாங்கிவிட்டிருப்பார்கள்.

முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். பெட்டியில் பெரிதாக அச்சிடும் வேகத்தை, கிடைப்பதிலேயே இலேசான பெல்லட்டை, அதாவது ஏர் ரைஃபிளில் போடும் சிறு குண்டைப் போட்டுத்தான் அளக்கிறார்கள். பெரும்பாலும் அது ஈயம் இல்லாத உலோகக் கலவையாக இருக்கும். நீங்கள் போடப்போகும் ஈய பெல்லட் அதைவிடக் கனம், வேகம் தானாகவே இறங்கிவிடும். சரி, சொன்ன வேகம் அப்படியே கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது வேண்டாம். காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1,125 அடி. இடை சிறுத்து, பின்பக்கம் குழிந்து விரிந்த பெல்லட்டின் வடிவம் அதற்குக் கீழான வேகத்துக்கு ஏற்றது. ஒலி வேகத்தை நெருங்கும்போது பெல்லட் தடுமாற ஆரம்பிக்கும், குறி சிதறும். தாண்டினால் பளீரென்று ஒரு வெடிச் சத்தமும் சேரும். ஒரு எலிக்காகத் தெருவையே எழுப்ப வேண்டியதில்லை.

நீங்கள் கேட்க வேண்டியது வேகம் இல்லை, ஆற்றல். ஜூல் கணக்கில் கேளுங்கள். கிலோவில் சொன்ன எடையில் பாதியை, விநாடிக்கு மீட்டரில் சொன்ன வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவதுதான் அது. 0.54 கிராம் எடையுள்ள 4.5 மி.மீ. பெல்லட் விநாடிக்கு 240 மீட்டர் வேகத்தில் போனால் ஏறக்குறைய 15.5 ஜூல். 0.93 கிராம் எடையுள்ள 5.5 மி.மீ. பெல்லட் 183 மீட்டர் வேகத்தில் போனாலும் அதே 15.5 ஜூல்தான். வேகத்தை மட்டும் சொல்லி விற்பவர் பாதியைத்தான் சொல்கிறார். 20 மீட்டருக்குள் இருக்கும் எலியின் தலையில் 7, 8 ஜூல் போய்ச் சேர்ந்தாலே வேலை முடிந்துவிடும். அதனால் பேரல் முனையில் 10 முதல் 16 ஜூல் தரும் ரைஃபிள் உங்களுக்குத் தாராளம். அதற்கு மேல் போனால் பெல்லட் எலியைத் துளைத்துக்கொண்டு கொட்டகைத் தகரத்தையும் துளைக்கும். அந்தப் பக்கம் கோழிக்கூடு இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பலம் கூடினால் குறி ஏன் கெடுகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் வாங்கும் முடிவே இதில்தான் இருக்கிறது. ஸ்பிரிங் ரைஃபிளில் பேரலை மடக்கும்போது உள்ளே ஒரு கனமான பிஸ்டன் பின்னுக்குப் போய்க் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். ட்ரிக்கரை இழுத்ததும் ஸ்பிரிங் அந்தப் பிஸ்டனை முன்னால் தள்ளுகிறது, எதிர்வினையாக ரைஃபிள் பின்னால் நகர்கிறது. பிஸ்டன் முன்முனையில் அமுங்கிய காற்றின் மேல் மோதி நின்றதும் ரைஃபிள் சடாரென்று முன்னால் குதிக்கிறது. இவ்வளவும் நடக்கும்போது பெல்லட் இன்னும் பேரலை விட்டு வெளியேறியிருக்காது. ஆக, நீங்கள் குறி பார்த்த திசை ஒன்று, பெல்லட் வெளியேறும் கணத்தில் பேரல் பார்க்கும் திசை வேறொன்று. ஸ்பிரிங் எவ்வளவு பலமோ அவ்வளவு குதிப்பு. இதற்கு மருந்து, ரைஃபிளை இறுக்கிப் பிடிக்காமல் இருப்பது. இடது உள்ளங்கையை விரித்து அதன் மேல் ரைஃபிளின் கட்டையை (பேரலைத் தாங்கும் மரப் பகுதியை) சும்மா கிடத்துங்கள், விரல்களை மடக்க வேண்டாம். தோளில் பட்டும் படாமல் இருக்கட்டும். குதிப்பதை அது குதித்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி குதித்தால் பெல்லட்டும் ஒரே இடத்துக்குப் போகும். நடுத்தர பலமுள்ள ரைஃபிளில் இந்தப் பிடி கொஞ்ச நாளில் கைக்கு வந்துவிடும். அதிபலமுள்ளதில் கட்டை உள்ளங்கையில் ஒரு அங்குலம் மாறி இருந்தாலே பெல்லட் வேறு இடத்தில் அடிக்கும்.

"ஸ்பிரிங் பழைய காலம், கேஸ் பிஸ்டன் வாங்குங்கள்" என்றும் சொல்வார்கள். ஸ்பிரிங்குக்குப் பதில் அழுத்தமான வாயு அடைத்த சிலிண்டர் அதில் இருக்கும். லோடு செய்த நிலையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாலும் தளராது, ஸ்பிரிங் அதிரும் ஓசையும் இருக்காது. ஆனால் பிஸ்டன் பிஸ்டன்தான், குதிப்பும் அப்படியே உண்டு. வாயு கசிந்துவிட்டால் சிலிண்டரையே மாற்ற வேண்டும். நல்ல ஸ்பிரிங் ரைஃபிள் கிடைக்கும்போது இதற்காகக் கூடுதல் காசு கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

பி.சி.பி. எனப்படும், முன்கூட்டியே காற்றை அடைத்து வைக்கும் வகை குறிக்கு அருமையானது. குதிப்பே இல்லை, புதிதாகச் சுடுபவரும் முதல் நாளே நன்றாகச் சுடுவார். ஆனால் அதன் சிலிண்டரில் 200 பார், சிலவற்றில் 300 பார் அழுத்தம் வரை காற்று ஏற்ற வேண்டும். சைக்கிள் பம்ப் உதவாது. அதற்கென்றே உள்ள கைப் பம்ப் வேண்டும், அதை அடித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கும், இல்லாவிட்டால் கம்ப்ரஸர் வாங்க வேண்டும். ரைஃபிள் விலையைப் பார்த்து மலிவு என்று நினைத்து வாங்கியவர்கள், பம்ப் விலையைக் கேட்டதும் முழிப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் சேர்த்துக் கட்டுப்படியானால் யோசிக்கலாம். நீங்கள் சொல்லும் செலவில் அது வராது.

கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் போடும் வகை உங்களுக்கு வேண்டாம். குளிர் நேரத்தில் வாயுவின் அழுத்தம் இறங்கும், பெல்லட் விழும் இடமும் கூடவே இறங்கும். எலி வருவதே இரவில்தான்.

இன்னொரு வகையைக் கடைக்காரர்கள் அதிகம் பேசுவதில்லை. கையால் சில தடவை பம்ப் அடித்துச் சுடும் ரைஃபிள். குதிப்பு இல்லை, விலை குறைவு, பம்ப் எண்ணிக்கையை வைத்துப் பலத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஒவ்வொரு சுடலுக்கும் மறுபடி அடிக்க வேண்டும் என்பதுதான் தொந்தரவு. இரண்டாவது குறி உடனே கிடைக்காது. கொட்டகையில் ஒரு எலியைச் சுட்ட சத்தத்தில் மற்றவை எப்படியும் ஓடிவிடும் என்பதால் இது பெரிய குறை இல்லை. பணம் மிக இறுக்கமாக இருந்தால், மலிவான ஸ்பிரிங் ரைஃபிளை விட இதையே எடுக்கச் சொல்வேன்.

கொஞ்சம் தாராளமாகச் செலவழிக்க முடிந்தால், பேரல் மடக்கும் நடுத்தர ஸ்பிரிங் ரைஃபிள்தான் என் முதல் பரிந்துரை. அளவுகோலுக்காகச் சில பெயர்கள் சொல்கிறேன். ஜெர்மனியின் வைராவ் நிறுவனத்தின் எச்.டபிள்யூ. 30 எஸ் சுமார் 2.5 கிலோதான். மடக்குவது சுலபம், அதில் வரும் 'ரெக்கார்டு' என்ற பெயருள்ள ட்ரிக்கர் இந்த விலை வரிசையில் தனி ரகம். சில நாடுகளில் 7.5 ஜூலுக்கு அடக்கி விற்கிறார்கள், அடக்காதது ஏறக்குறைய 10 ஜூல் தரும். இன்னும் கொஞ்சம் பலம் வேண்டும் என்றால் எச்.டபிள்யூ. 50 எஸ், அல்லது டயானா 34. இவை எதுவும் உங்கள் ஊரில் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. கையில் எடுக்கும் எந்த ரைஃபிளிலும் பார்க்க வேண்டியது ஒன்றேதான். ட்ரிக்கர் எந்த இடத்தில் விடும் என்று விரலுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். இழுக்க இழுக்க ரப்பர் மாதிரி வந்துகொண்டே இருந்தால் அதை வைத்துச் சின்னக் குறியை அடிக்க முடியாது. பேரலை மூடியபின் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், துளி ஆட்டமும் கூடாது. அப்புறம் கடைக்காரரிடம் ஸ்பிரிங், பிஸ்டன் சீல், பேரலின் பின்முனையில் காற்று கசியாமல் தடுக்கும் வளையம் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். "அதெல்லாம் கெடவே கெடாது" என்று பதில் வந்தால், கிடைக்காது என்று அர்த்தம்.

4.5-ஆ 5.5-ஆ என்ற சண்டை தீராதது. உங்கள் தூரத்துக்கு இரண்டும் சரி. 4.5 மி.மீ. பெல்லட் நேராகப் போகும், தூரத்தைக் கொஞ்சம் தப்பாகக் கணித்தாலும் மன்னிக்கும், டப்பா விலையும் குறைவு. 5.5 மி.மீ. அடி பலமாக விழும், கனமாக இருப்பதால் இருட்டில் விரலால் எடுத்துப் போடவும் வசதி. 10, 12 ஜூல் ரைஃபிள் என்றால் நான் 4.5-தான் எடுப்பேன். 15 ஜூலுக்கு மேல் என்றால் 5.5 எடுப்பேன். உங்கள் நாட்டுச் சட்டம் இதை ஏற்கெனவே முடிவு செய்திருக்கவும் கூடும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ள 20 ஜூலுக்குள்ளும் 4.5 மி.மீ.க்குள்ளும் இருக்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ரைஃபிளுக்கு 12 அடி-பவுண்டு, அதாவது 16 ஜூல் சொச்சம்தான் எல்லை. ஸ்காட்லாந்தில் ஏர் ரைஃபிள் வைத்திருக்கச் சான்றிதழே வேண்டும். ஜெர்மனியில் உரிமம் இல்லாமல் 7.5 ஜூல். வைத்துக்கொள்வது ஒரு சட்டம், வீட்டு வளாகத்தில் சுடுவது இன்னொரு சட்டம், எந்தப் பிராணியைச் சுடலாம் என்பது மூன்றாவது. மூன்றையும் விசாரித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். எலியைச் சுடலாம் என்பதால் அணிலையும் காக்கையையும் புறாவையும் சுடலாம் என்று ஆகிவிடாது. மூஞ்சூறையும் எலி என்று நினைத்துவிடாதீர்கள். நீண்ட கூர்மூக்கும் பொடிக் கண்ணுமாகச் சுவரோரம் போகும் அது, தின்பது பெரும்பாலும் பூச்சிகளைத்தான்.

இப்போது பெல்லட். மக்கள் ரைஃபிளுக்கு எல்லாப் பணத்தையும் கொட்டிவிட்டுப் பெல்லட் வாங்கும்போது சில்லறையை எண்ணுகிறார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன். ஒரே ரைஃபிளில் ஒரு வகைப் பெல்லட் சட்டைப் பொத்தான் அளவு இடத்துக்குள் நெருக்கமாக விழும், இன்னொன்று உள்ளங்கை அளவுக்குச் சிதறும். எது எதற்குப் பிடிக்கும் என்று சுட்டுப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. மூன்று நான்கு வகைகளில் ஒவ்வொரு டப்பா வாங்குங்கள். முனை உருண்டையாக இருப்பதாகப் பாருங்கள், கூர்முனைப் பெல்லட் பார்க்கத்தான் பயங்கரம், குறியில் உருண்டை முனைக்கு ஈடாகாது. 4.5 மி.மீ.யில் 0.5 முதல் 0.6 கிராம் வரை உள்ள பெல்லட் உங்கள் ரைஃபிளுக்குப் பொருந்தும். ஜே.எஸ்.பி., எச் அண்ட் என் போன்ற தயாரிப்பாளர்களின் டப்பாவில் 4.51, 4.52 என்று தலையின் அளவையும் போட்டிருப்பார்கள். சில பேரல்களுக்கு அந்த நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரே வித்தியாசம் காட்டும். போடும்போது பின்விளிம்பைப் பாருங்கள். டப்பாவில் உருண்டு நசுங்கியிருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள். விரல் நுனியால் அழுத்தி, பேரலின் பின்வாயோடு சமமாக உட்கார்ந்ததா என்று தடவிப் பார்த்து மூடுங்கள். இரும்புக் குண்டு மட்டும் வேண்டவே வேண்டாம். பேரலின் உள்வரிகளை (பெல்லட்டைச் சுழலவைக்கும் பள்ளங்களை) அது தேய்த்துவிடும், கடினமான எதிலாவது பட்டால் திரும்பி உங்கள் முகத்துக்கே வரும்.

புது ரைஃபிளின் பேரலில் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும். காய்ந்த துணியை நூலில் கட்டி, சுத்தமாக வரும்வரை இழுத்து எடுங்கள். அதன் பிறகு ஒன்றிரண்டு டப்பாப் பெல்லட் பழக்கத்துக்கே போகட்டும். ஸ்பிரிங் ரைஃபிள் உள்ளே தேய்ந்து செட்டாக சில நூறு சுடல்கள் வேண்டும். அதுவரை எந்த முடிவுக்கும் வராதீர்கள். கட்டையைப் பிடித்திருக்கும் திருகுகளை அடிக்கடி பாருங்கள், அதிர்ச்சியில் அவை தளர்ந்துகொண்டே இருக்கும். கோளாறு என்று வரும் ரைஃபிள்களில் பலவற்றுக்கு நான் செய்வது திருகைத் திருகிக் கொடுப்பதுதான். பெல்லட் போடாமல் வெறுமனே சுடக் கூடாது. முன்னால் அடைப்பு இல்லாததால் காற்று மெத்தை உருவாகாது, பிஸ்டன் நேராக இரும்பில் போய் மோதும். பிஸ்டன் காற்றை அமுக்கும் காற்றறைக்குள் சாதாரண எண்ணெயை விடவும் கூடாது, அமுங்கும் சூட்டில் அது பற்றி வெடிக்கும்.

இலவச ஸ்கோப்பைப் பற்றி. ஸ்பிரிங் ரைஃபிளின் முன்பின் குதிப்பு, பெரிய வேட்டைத் துப்பாக்கிக்குச் செய்த ஸ்கோப்பைக்கூட உள்ளே குலைத்துவிடும். ஏர் ரைஃபிளுக்கு என்று குறிப்பிட்டதாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், 10 மீட்டரில் தெளிவாகத் தெரிய வேண்டும். துப்பாக்கி ஸ்கோப் பலவற்றில் தெளிவு 100 கஜத்துக்கு அமைக்கப்பட்டிருக்கும். கொட்டகை தூரத்தில் எலி மங்கலாகத் தெரியும், கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினால் குறுக்குக் கோடும் எலி மேல் நகரும். முன்கண்ணாடியைத் திருப்பித் தூரம் சரி செய்யும் வகையாக, 4 அல்லது 6 மடங்கு பெரிதாக்குவதாக இருந்தால் போதும். 9, 12 மடங்கு எல்லாம் பக்கத்துக் குறிக்கு இடைஞ்சல். நல்ல ஸ்கோப்புக்குப் பணம் இல்லையா, ரைஃபிளோடு வரும், கண்ணாடி இல்லாத திறந்த குறியையே வைத்துப் பழகுங்கள். மட்டமான ஸ்கோப்பை விட அது எவ்வளவோ மேல்.

ஸ்கோப் போட்டால் ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும். அது பேரலுக்கு மேலே 4 செ.மீ. உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. 23 மீட்டரில் குறியைச் சரி செய்துவிட்டு, 5 மீட்டரில் இருக்கும் எலியை அதே குறுக்குக் கோட்டில் சுட்டால் பெல்லட் 2 செ.மீ. கீழே போகும். எலிக்கு அது தலைக்கும் தரைக்கும் உள்ள வித்தியாசம். 5, 10, 15, 20 மீட்டரில் தாளில் சுட்டுப் பார்த்து, எங்கே விழுகிறது என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டையில் ஒட்டிவிடுங்கள்.

சுட்டுப் பழகுவதற்கும் ஒரு கணக்கு சொல்கிறேன். எலியைச் சுட்டால் உடனே சாக வேண்டும், அதற்கு மூளையில் பட வேண்டும். அந்த இடம் உங்கள் கட்டைவிரல் நகம் அளவுதான். அட்டையில் அந்த அளவுக்கு ஒரு வட்டம் வரைந்து, இரவில் எந்த நிலையில் உட்கார்ந்து சுடப்போகிறீர்களோ அதே நிலையில் உட்கார்ந்து ஐந்து சுடுங்கள். ஐந்தும் வட்டத்தில் விழும் தூரம் எதுவோ அதுதான் உங்கள் எல்லை. நான்கு விழுந்தால் பக்கத்தில் வந்து மறுபடி சுடுங்கள். எல்லை 12 மீட்டர் என்று வந்தால் 12 மீட்டர்தான். பின் கதவை விட்டு இறங்கி வந்து ஸ்டூல் போட்டு உட்காருங்கள். காயம்பட்டு வளைக்குள் போய்ச் சாகும் எலி வேதனைப்பட்டுச் சாகும், அப்புறம் கொட்டகை முழுக்க நாறும்.

ஓடும் எலியைச் சுடாதீர்கள், நிற்க வையுங்கள். கனமான ஒரு மரக்கட்டையில் குழைத்த தீவனத்தைக் கொஞ்சம் அழுத்தித் தடவிவிட்டால், கவ்விக்கொண்டு ஓட முடியாது, நின்று நக்கத்தான் வேண்டும். அதற்குப் பின்னால் தடித்த பலகையோ மண் மூட்டையோ நிறுத்துங்கள். சிவப்பு வெளிச்சம் எலிக்கு அவ்வளவாகத் தெரியாது, சிவப்புக் கண்ணாடி போட்ட டார்ச் போதும். எந்தப் பெல்லட்டும் எங்கே போய் நிற்கும் என்று சுடுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தவறிய பெல்லட் சில நூறு மீட்டர் போகும். கல், சிமென்ட், தகரம், தண்ணீர் எதில் பட்டாலும் தெறித்து எந்தப் பக்கமும் திரும்பும். கூரை விட்டத்தில் ஓடும் எலியை அண்ணாந்து சுடவே கூடாது, பின்னால் தடுக்க ஒன்றும் இல்லை. சுடுபவரும் பக்கத்தில் நிற்பவரும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். நாயைக் கட்டிப்போடுங்கள்.

ரைஃபிள் மட்டும் எலியை ஒழிக்காது. எலியின் சினைக்காலம் மூன்று வாரம்தான், ஒரு ஈற்றில் அரை டஜனுக்கு மேல் குட்டி, இரண்டு மூன்று மாதத்தில் அவையும் குட்டி போடத் தயார். ராத்திரிக்கு இரண்டு சுட்டு இந்தக் கணக்கை எட்ட முடியாது. தீவனத்தை இறுக்கி மூடும் தகர டிரம்முக்கு மாற்றுங்கள். எலி நுழைய 12 மி.மீ. இடைவெளி போதும், சுண்டெலிக்கு 6 மி.மீ. அந்த அளவுக்கு மேல் உள்ள ஓட்டைகளைக் கம்பிவலையும் சிமென்டும் வைத்து அடையுங்கள். பொறிக்கு வருவதில்லை என்கிறீர்கள். எலி புதிதாக எதைப் பார்த்தாலும் ஒதுங்கும். பொறியை மாட்டாமல் இரையை மட்டும் சில நாள் வைத்துப் பழக்கிவிட்டு, ஒரே இரவில் பல பொறிகளை மாட்டுங்கள். இதையெல்லாம் செய்தபின் மிச்சம் இருக்கும் கெட்டிக்கார எலிகளுக்குத்தான் ரைஃபிள். விஷம் வைக்காததில் நீங்கள் செய்தது சரி, விஷம் தின்ற எலியைத் தின்னும் ஆந்தையும் சாகும்.

அதே காரணத்தால் சுட்ட எலியையும் அப்படியே விடக் கூடாது. உள்ளே ஈயம் இருக்கிறது, தின்னும் பறவைக்குப் போகும். எலியின் மூத்திரத்தில் லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கையுறை போட்டு எடுத்து ஆழப் புதையுங்கள். கோழி வைத்திருப்பதால் இன்னொன்று: கோழி கல் பொறுக்கும்போது சிதறிய ஈயத்தையும் பொறுக்கும், அது உடம்பில் ஏறும், முட்டைக்கும் வரும். கோழி மேயும் இடத்தில் பயிற்சி வேண்டாம். பழைய துணி திணித்த பெட்டியைக் குறிக்குப் பின்னால் வைத்துச் சுட்டால் ஈயம் அதிலேயே தங்கும். பெல்லட்டைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள், பலர் செய்வதுபோல் வாயில் அடக்கி வைக்கவும் வேண்டாம்.

மகனுக்குக் கற்றுக்கொடுங்கள், ஆனால் தாளில் மட்டும், நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு, உங்கள் ஊர்ச் சட்டத்தில் அந்த வயதுக்கு அனுமதி இருந்தால். முதல் பாடம், பேரல் மடங்கியிருக்கும்போது பெல்லட் போடும் நேரம் முழுவதும் இன்னொரு கை பேரலை விடக் கூடாது. கொக்கி நழுவினால் பேரல் சட்டென்று மூடிக்கொண்டு விரலை நசுக்கிவிடும். அந்தப் பலத்தில் மடக்க அவனால் முடியாவிட்டால் இன்னும் காலம் வரவில்லை என்று பொருள். எலி வேலையில் அவனைச் சேர்க்க வேண்டாம். ரைஃபிளும் பெல்லட்டும் தனித்தனியாகப் பூட்டி இருக்கட்டும், சாவி உங்களிடம்.

கடைசியாக நண்பரின் பழைய ரைஃபிள். நல்ல தயாரிப்பாக இருந்தால் புதிதாக மலிவான ஒன்றை வாங்குவதைவிட அது நல்ல யோசனை. மடக்கும்போது உள்ளே அரைக்கும் ஓசை வந்தால் ஸ்பிரிங் வளைந்திருக்கும். சுடும்போது பேரல் மூடும் இடத்தில் ஒரு டிஷ்யூ காகிதத் துண்டை வையுங்கள், அது பறந்தால் வளையம் கசிகிறது. சுட்டதும் புகையும் எண்ணெய் வாடையும் தொடர்ந்து வந்தால் யாரோ காற்றறைக்குள் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். இவை மூன்றும் மாற்றக்கூடியவை, உதிரி பாகம் கிடைத்தால் செலவும் பெரிதில்லை, அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். மடங்கும் மூட்டில் பேரல் ஆடினால் முதலில் மூட்டுத் திருகை இறுக்கிப் பாருங்கள். அதற்கும் ஆடினால், அல்லது பேரலின் முன்முனையில் உள்வரிகள் தேய்ந்தோ துருப்பிடித்தோ இருந்தால், நண்பரே வைத்துக்கொள்ளட்டும். பழைய ரைஃபிளுக்கு ரசீதும் தேவையான காகிதமும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், இல்லாததை ஓசிக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.